புள்ளி தேய்ந்தால்

கொஞ்சம் நீளமான பதிவு. பஸ்ஸில் இருக்கிறவர்கள் வீட்டுக்குப் போய் ஆறுதலாக வாசியுங்கள்.

ஓ.எல். பிள்ளைகள் வருஷா வருஷம் பெட்ச் டீஷர்ட் அடிப்பது உங்களுக்குத் தெரியும். இந்த வருஷம் எல்லாப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் ஒரே ஆசை. எழுத்து தடிப்பாக, உயரமாக, ஒடுங்கி இருக்க வேண்டும். அதோடு சுரண்டின மாதிரியும் இருக்க வேண்டும். பழைய தேயிலைப் பெட்டியில் அச்சடித்து, லொறியில் ஏற்றி, மழையில் நனைந்து, பாதி உரிந்துபோன எழுத்து எப்படியிருக்குமோ அப்படி. புது டீஷர்ட்டில் பழைய எழுத்து. சிரிக்காதீர்கள், பார்க்க நல்லாத்தான் இருக்கிறது.

எங்கள் பொடியன்மாரும் போனில் ஒரு டிசைன் கொண்டுவந்து காட்டினார்கள். மேலே ஆங்கிலத்தில் பெட்ச் பெயர், வருஷம். அதில் ஒரு குறையும் இல்லை. கீழே தமிழில் ஒரு வரி, ‘கல்வி’ என்று தொடங்குவது. ஆங்கிலத்துக்குப் போட்ட அதே சுரண்டலைத் தமிழுக்கும் போட்டிருக்கிறார்கள். அந்தச் சுரண்டல் கோடு சரியாக ‘ல்’லன்னாவின் தலைக்கு மேலால் போயிருக்கிறது. புள்ளி இல்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை அதை உரத்து வாசித்தது. வகுப்பு இரண்டு செக்கன் அமைதி. பிறகு வெடித்தது. புள்ளி போன பிறகு அந்தச் சொல் என்ன ஆகிறது என்று நான் இங்கே எழுத மாட்டேன். தமிழ் தெரிந்தவர்கள் நீங்களே எழுதிப் பாருங்கள்.

டிசைன் செய்த பிள்ளை கேட்ட கேள்வி நியாயமானது. "டீச்சர், இங்கிலீஷ்ல எவ்வளவு சுரண்டினாலும் வாசிக்க ஏலுது. தமிழ்ல மட்டும் ஏன் இப்படி?" இந்தப் பதிவு அந்தக் கேள்விக்கான பதில். வகுப்பில் 40 நிமிஷத்துக்குள் சொல்லி முடிக்க முடியவில்லை.

அந்தத் தேய்ந்த தோற்றம் எங்கே இருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். பெரிய சுவரொட்டி அடிக்க ஈய எழுத்து சரிவராது. பாரம் கூட, விலையும் கூட. 1827இல் நியூயோர்க்கில் டேரியஸ் வெல்ஸ் என்பவர் மரத்தில் எழுத்துகளை மெஷினால் குடைந்து மொத்தமாகச் செய்ய வழி கண்டார். அதற்குப் பிறகு சர்க்கஸ், ஏலம், கப்பல் புறப்பாடு, தேடப்படும் கள்ளன் என்று எல்லாம் மர எழுத்தில் வந்தன. தாளின் அகலம் குறைவு, சொல் நீளம். அதனால் எழுத்தை ஒடுக்கி உயர்த்தினார்கள். தூரத்தில் இருந்து தெரிய வேண்டும், அதனால் தடிப்பாக்கினார்கள். மரம் ஆயிரம் தடவை அழுத்தப்பட்டால் விளிம்பு உடையும், முகம் பள்ளமாகும், மை எல்லா இடத்திலும் பிடிக்காது. அந்த வெள்ளைத் திட்டுகள் வேலை செய்த எழுத்தின் களைப்பு. இன்றைக்குக் கணினியில் அந்தக் களைப்பை மட்டும் தனியாக எடுத்து விற்கிறார்கள். 1991இல் வந்த ட்ரிக்ஸி என்ற எழுத்துரு பழைய டைப்ரைட்டர் எழுத்தை அழுக்கோடு சேர்த்தே நகல் எடுத்தது. எக்ஸ் ஃபைல்ஸ் நாடகத்தின் பெயர் அதில்தான் எழுதப்பட்டது. அதைப் போல ஆயிரக்கணக்கில் வந்துவிட்டன.

ஆங்கிலப் பெரிய எழுத்துகள் இதைத் தாங்கும். 26 உருவம்தான். ஒவ்வொன்றும் பெரிய எலும்புக்கூடு மாதிரி. ஒரு ‘எச்’சில் கால்வாசியைச் சுரண்டி எடுத்தாலும் அது ‘எச்’தான். தலைக்கு மேலே ஒன்றும் இல்லை, காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

எங்கள் எழுத்தில் பொருள் ஓரங்களில் இருக்கிறது. மெய்க்கும் உயிர்மெய்க்கும் வித்தியாசம் ஒரு புள்ளி. ‘எ’வுக்கும் ‘ஏ’க்கும் வித்தியாசம் கீழே ஒரு சின்ன இழுப்பு. ‘ஒ’வுக்கும் ‘ஓ’வுக்கும் ஒரு சுழி. ‘கொடு’வுக்கும் ‘கோடு’வுக்கும் கொம்பின் தலையில் உள்ள வளையம். ‘ர’வின் கால் தேய்ந்தால் அது அரவு ஆகிவிடும், ‘மரம்’ ‘மாம்’ ஆகிவிடும். அதாவது சுரண்டுகிறவன் முதலில் தொடுகிற இடங்கள் எல்லாம் எங்களுக்கு உயிர்நாடி. நடுவில் இருக்கிற தடித்த கோட்டைச் சுரண்டினால் ஒன்றும் ஆகாது. ஆனால் யாரும் நடுவில் சுரண்டுவதில்லை, அது அழகாக இருக்காதாம்.

இது புதுப் பிரச்சினை இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி என்று தொல்காப்பியமே சொல்கிறது. ஆனாலும் ஓலையில் எழுதினவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. எழுத்தாணி குத்தினால் ஓலை பொத்தலாகும். வாசிக்கிறவர் இடம் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். அவர்களுக்கு அந்த நூல் ஏற்கெனவே மனப்பாடம், சமாளித்தார்கள். மத்ரஸாவுக்கு ஓதப் போன பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது லேசு. பா, தா, ஸா மூன்றுக்கும் உருவம் ஒன்றுதான். புள்ளி மேலேயா கீழேயா, எத்தனை என்பதுதான் வித்தியாசம். ஆரம்ப காலக் குர்ஆன் பிரதிகளில் புள்ளிகள் மிகக் குறைவு. மனதில் ஏற்றிக்கொண்டவர்களுக்கு அது போதுமாக இருந்தது. மொழி பரவி, புது ஆட்கள் வாசிக்கத் தொடங்கின பிறகு புள்ளிகளை ஒழுங்காக இட வேண்டி வந்தது. நான் இப்படிச் சொன்னதும் பின்வரிசைப் பொடியன் ஒருத்தன், "அப்ப டீச்சர், சுரண்டின எழுத்து ஏற்கெனவே தெரிஞ்ச ஆக்களுக்கு மட்டும்தான்" என்றான். நான் அதை அவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

சரி, தமிழில் தடித்து ஒடுங்கின, தெருவில் அடிபட்ட எழுத்தே கிடையாதா என்றால், இருக்கிறது. எங்கள் ஊர்ச் சுவர்களில்தான். ‘விளம்பரம் ஒட்டாதே’ என்று கறுப்பு மையில் அச்சுத் தகடு வைத்து அடித்திருப்பார்களே, அது. தகரத்தில் எழுத்தை வெட்டி எடுத்து, சுவரில் வைத்து, பிரஷ்ஷால் ஒற்றுவது. வெட்டும்போது எழுத்துக்குள் இருக்கிற மூடின இடம் கழன்று விழாமல் இருக்க, இடையிடையே ஒரு பாலம் விட வேண்டும். அதனால் எழுத்து துண்டு துண்டாகத் தெரியும். தமிழுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டமும் ஒரு ஆபத்தும் உண்டு. புள்ளி வெறும் ஓட்டைதான், பாலம் தேவையில்லை. ஆனால் புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவில் இருக்கிற தகரம் நூல் அளவு. அது வளைந்தால் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது மை காய்ந்து ஓட்டை அடைபட்டுவிடும். கொட்டாஞ்சேனையில் ஒரு சுவரில் ‘ஒ’வன்னாவின் கீழே மை வழிந்து சுழியாகி, ‘விளம்பரம் ஓட்டாதே’ என்று ஆகியிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே ஓட்டோக்களை நிறுத்தி வைத்திருந்ததுதான் பகிடி.

இந்தச் சுவர் எழுத்தைப் பார்த்து, கொழும்பிலேயே எழுத்துரு செய்கிற மூனியாக் என்ற குழு ‘போஸ்ட் நோ பில்ஸ்’ என்று ஒரு எழுத்துருக் குடும்பம் செய்தது. சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று, இரண்டோடும் ஆங்கிலம். இலவசம், யாரும் பாவிக்கலாம். அதில் எனக்குப் பிடித்தது, பாலம் எங்கே விடுவது என்று ஒவ்வொரு எழுத்தாக யோசித்திருப்பது. ஒரே வெட்டை எல்லாத்துக்கும் போடவில்லை. சிங்களப் பகுதிக்குப் பெயர் கொழும்பு, தமிழ்ப் பகுதிக்குப் பெயர் யாழ்ப்பாணம். செய்தவர்கள் நல்ல மனதோடுதான் வைத்திருப்பார்கள். ஆனாலும் ஜம்பட்டா வீதிச் சுவரிலும் காலி வீதிச் சுவரிலும் தமிழைப் பார்த்து வளர்ந்த எனக்கு, கொழும்பு என்ற பெயரில் ஒரு தமிழ் எழுத்து இருந்திருக்கலாமே என்று ஒரு சின்னக் குறை.

ஒடுக்குவது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சுரண்டலை விட இதுதான் நாளாந்தம் எங்களைப் படுத்துகிறது. ஒடுங்கின எழுத்தை வரைவது வேறு, எழுத்தை நசுக்குவது வேறு. வரைகிறவர் நிற்கிற கோட்டின் தடிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கிற வெளியைத்தான் குறைப்பார். பெனர் அடிக்கிற கடையில் கணினியில் ஓரத்தைப் பிடித்துத் தள்ளினால் நிற்கிற கோடெல்லாம் மெலியும், படுத்த கோடுகள் தடித்தபடி இருக்கும். ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டும். புள்ளி முட்டை வடிவாகும். எங்கள் இடப்பெயரையே எடுங்கள். கொட்டாஞ்சேனை என்று எழுத கொம்பு, அரவு எல்லாம் சேர்த்து 11 உருவம் வேண்டும். ஆங்கிலத்தில் எட்டு. பலகையின் அகலம் ஒன்றுதான். யாரை நசுக்குவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. வெள்ளவத்தைக்கு ஆங்கிலத்தில் 10, தமிழில் எட்டு உருவம்தான். ஆனால் அங்கேயும் தமிழ்தான் நசுங்கியிருக்கும், பழக்க தோஷம்.

கணினி வருவதற்கு முன் இதைச் செய்தவர்களுக்கு ஒரு வழி இருந்தது. எங்கள் பாடசாலைப் பக்கத்தில் போர்ட் எழுதுகிற ஒரு பெரியவர் இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டேன். "டீச்சர், நான் எழுத்தை எண்ணுறதில்ல, முதல்ல இடத்தைத்தான் எண்ணுவேன்" என்றார். சுண்ணாம்புத் தூள் பூசின நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து ஒரு தட்டு தட்டினால் பலகையில் நேர்கோடு விழும். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, அதற்கு மேலே புள்ளிக்கென்று தனியாக இன்னொரு கோடு. புள்ளிக்கு முதலில் இடம் ஒதுக்கிவிட்டுத்தான் எழுத்து. "புள்ளியைக் கடைசியில வைக்கலாம்னு நெனச்சா எடம் இருக்காது" என்றார். மழைக்கு முதலில் போவதும் புள்ளிதான் என்பதால் அதை மட்டும் இரண்டு பூச்சு பூசுவாராம். இதை எந்த மென்பொருளும் செய்து நான் பார்க்கவில்லை.

இன்னொன்றும் அவர் கையில் இருக்கிறது. அவர் இன்னும் பழைய ‘னை’, பழைய ‘லை’ எழுதுகிறார். யானைத் தும்பிக்கை மாதிரி எழுத்தின் தலைக்கு மேலால் வளைந்து வருமே, அது. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது அந்த வடிவங்களை விட்டுவிட்டு ஐகார வரிசைக்கெல்லாம் ஒரே குறியைப் போடச் சொன்னது. பிறகு எங்கள் புத்தகங்களும் அப்படியே ஆயின. அச்சுக்கு அது லாபம், படிக்கிற பிள்ளைக்கும் லேசு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பலகைக்குப் பழையதுதான் சிக்கனம். தும்பிக்கை மேலால் போவதால் அகலம் பிடிக்காது. கொட்டாஞ்சேனை என்ற சொல்லில் 11 உருவம் 10 ஆகிவிடும். எழுத்தை நசுக்காமல் ஒடுக்க வழி எழுத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது.

பிள்ளைகளுக்கு உண்மையாகத் தேய்ந்த எழுத்தைக் காட்ட வேண்டும் என்று கொழும்பு தேசிய நூதனசாலைக்குக் கூட்டிப் போனேன். அங்கே காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்தது, 1409 என்று தேதியிட்டது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தெனாவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வைப் போற்றி. மூன்று பக்கத்துக்கும் காணிக்கை. 1911இல் ஒரு பொறியியலாளர் கண்டெடுக்கும்போது அது காலியில் மதகு ஒன்றுக்கு மூடியாகக் கிடந்தது. மூன்றில் கூடுதலாகத் தேய்ந்தது பாரசீகப் பகுதிதான். பிள்ளைகள் கண்ணாடிக்கு முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் பார்த்தார்கள். தமிழில் அங்கொன்று இங்கொன்று பிடிபட்டது. அரபு எழுத்தில் ஒரு பிள்ளை இரண்டு மூன்று எழுத்தைப் பிடித்துவிட்டு, புள்ளி இல்லாமல் மேலே போக முடியாமல் நின்றது. டீஷர்ட் பொடியன் அங்கே ஒரு படமும் எடுக்கவில்லை. அதை நான் கவனித்தேன்.

கல்லை மழையும் தண்ணீரும் காலும் தேய்த்தன. கொழும்பில் தமிழ் எழுத்து எப்போதும் அப்படித் தேயவில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம். 1958இல் வாகன இலக்கத் தகடுகளில் இருந்த சிங்கள ‘ஸ்ரீ’யை வடக்கில் அழித்துத் தமிழில் எழுதினார்கள். பதிலுக்குத் தெற்கிலும் கொழும்பிலும் தார் வாளியோடு போய்த் தமிழ்ப் பலகைகளைப் பூசினார்கள். 1983 ஜூலையில் வெள்ளவத்தைக் கடைகள் பலகையோடு எரிந்தன. 2019க்குப் பிறகு அரபு எழுத்துப் பலகைகளுக்கு என்ன நடந்தது என்பது எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எரிந்த ஓரம், தார் வழிந்த ஓரம், சுரண்டின ஓரம் எல்லாம் டிசைன் கடையில் இன்று ஒரு ஸ்டைலின் பெயர். பிள்ளைகளுக்கு அது ஸ்டைலாக மட்டும் தெரிவது ஒரு வகையில் நிம்மதி. ஆனாலும் காலி வீதியால் நடந்து போகும்போது, சுத்தமாக, முழுசாக, புள்ளி வைத்து எழுதின ஒரு தமிழ்ப் பலகையைப் பார்த்தால் எனக்கு வருகிற சந்தோஷம் சுரண்டின எழுத்தில் வராது. வெள்ளவத்தையில் 1983க்குப் பிறகு அதே இடத்தில் திரும்பவும் பலகை போட்டவர்கள் புது எழுத்தாகத்தான் போட்டார்கள். யாரும் எரிந்த மாதிரி எழுதச் சொல்லவில்லை.

இடையில் ஒரு பிரயோசனமான விஷயம். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. அரச அலுவலகம் ஒன்றின் பலகையில் தமிழ் இல்லாவிட்டால் அல்லது பிழையாக இருந்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதலாம். 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த ஆணைக்குழு அது. பேஸ்புக்கில் படம் போட்டுச் சிரிப்பதோடு நிறுத்தாமல், அந்தப் படத்தை ஒரு கடிதத்தோடு அங்கேயும் அனுப்புங்கள்.

டீஷர்ட் விஷயம் முடிந்துவிட்டது. ஆங்கிலம் சுரண்டினபடி, தமிழ் தடிப்பாக, ஒடுங்கி, ஆனால் முழுசாக. சுரண்டல் வேண்டுமென்றால் எழுத்தின் வயிற்றில் மட்டும், தலைக்கும் காலுக்கும் கை வைக்கக் கூடாது என்று பிள்ளைகளே சட்டம் போட்டார்கள். நல்லாத்தான் வந்திருக்கிறது.

பெரிய விஷயம் இன்னும் மிச்சம். எங்கள் பாடசாலை வாசலில் இருக்கிற மரப் பலகையைக் கழற்றிவிட்டு லைட் போட்ட புது போர்ட் வைக்கப் போகிறார்கள். மாதிரியைப் பார்த்தேன். பாடசாலை பழையது என்று காட்டுவதற்காகப் புது போர்டில் தேய்ந்த மாதிரி எழுத்துப் போடுகிறார்களாம். பக்கத்திலேயே உண்மையாகத் தேய்ந்த பலகை நிற்கிறது! மாதிரியில் ‘பாடசாலை’யின் ஐகாரக் குறி ‘ல’வை விட்டு விலகி வேறு எழுத்துக்குப் போயிருக்கிறது, ‘கொ’வின் கொம்பு பின்னால் நிற்கிறது. தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்கத் தெரியாத மென்பொருளில் செய்தால் இப்படித்தான் வரும். செய்தவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அது அவருடைய குற்றமில்லை. எங்களில் ஒருவராவது அச்சுக்குப் போக முன் பார்த்திருக்க வேண்டும்.

நான் போர்ட் எழுதுகிற பெரியவரைக் கூட்டிவந்து பழைய பலகையைக் காட்டினேன். நகத்தால் சுரண்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். பலகை பலா, நல்ல மரம், கழற்றத் தேவையில்லை என்றார். கீழ்ப்பக்கம் மட்டும் கொஞ்சம் உளுத்திருக்கிறது. இழைத்து, அடிப்பூச்சு போட்டு, பழைய கோட்டின் மேலேயே திரும்ப எழுதலாமாம். சொன்ன காசு புது போர்டின் காசில் ஐந்தில் ஒன்று கூட வராது. லைட் வேண்டுமென்றால் மேலே ஒரு பல்பைத் தொங்கவிடுங்கள் என்றார்.

பழைய மாணவர் கூட்டம் இந்த ஞாயிறு காலை 9.30க்கு, பாடசாலை மண்டபத்தில். வெள்ளவத்தைப் பக்கம் குடிபோனவர்களும் தயவுசெய்து வாருங்கள், கை தூக்க ஆள் வேண்டும். வரும்போது வீட்டில் இருக்கிற பழைய அல்பங்களைப் பாருங்கள். வாசலில் நின்று எடுத்த வகுப்புப் படம், பரிசளிப்பு விழாப் படம், எதுவாக இருந்தாலும் பலகை தெரிந்தால் கொண்டுவாருங்கள். ‘பாடசாலை’யில் கடைசி எழுத்து பழைய ‘லை’. அதன் தும்பிக்கை பலகையில் பாதிக்கு மேல் அழிந்துவிட்டது. எந்தப் பக்கம் எவ்வளவு வளைந்திருந்தது என்று பார்க்காமல் அந்த எழுத்தில் கை வைக்க மாட்டேன் என்கிறார் அவர்.